அப்பாவுக்கு வயது 17: குழந்தையின் செலவுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் (2019-21) தகவல் அட்டையில் ஒரு வரி இருக்கிறது. 15 முதல் 19 வயதுள்ள பெண்களில், கணக்கெடுப்பின்போது ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தவர்கள் 6.8 சதவீதம். திரிபுராவில் இது 21.9, மேற்கு வங்கத்தில் 16.4. சரி, இதே வயதில் அப்பாவான பையன்கள் எத்தனை பேர்? அந்த அட்டையில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆண்களுக்கு இருப்பது கல்யாணக் கணக்கு மட்டும்தான்: 25-29 வயது ஆண்களில் 17.7 சதவீதம் பேருக்கு 21 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருக்கிறது.

நான் இந்த அட்டைகளைப் பல வருடமாகப் பிரித்து மேய்கிறவள். அம்மாவுக்கு ஒரு வரி, அப்பாவுக்கு வெற்றிடம் என்பது முதலில் கண்ணில் படவே இல்லை. சட்டப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் அங்கேயும் கிட்டத்தட்ட இதே நிலைமை என்று தெரிந்தது. பதின்வயதுத் தந்தைக்கு என்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஒரு சட்டம் அவனைக் குற்றம் சாட்டப்பட்டவனாகப் பார்க்கிறது, இன்னொன்று குழந்தையாகப் பார்க்கிறது, மூன்றாவது சட்டம் தகப்பனாகப் பார்க்கிறது. மூன்றும் ஒரே பையனைப் பற்றித்தான் பேசுகின்றன.

வீட்டில் 'அவனுக்கு விஷயம் தெரியும், அவனைக் கேளு' என்று சொந்தக்காரர்கள் போன் செய்கிற ஆள் நீங்கள் என்றால், இந்தக் கேள்வி உங்களிடமும் வரலாம். சித்தி பையன் பிளஸ் டூ படிக்கிறான், கூடப் படிக்கிற பெண் ஏழு மாதம், 'ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசி முடிச்சிடலாமா?' என்பார்கள். பேசி முடிப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வயசு கம்மின்னா பொறுப்பும் இல்லையா?

இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125தான் ஜீவனாம்சத்துக்கான பிரதான வழி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 வந்திருக்கிறது. இரண்டிலும் வாசகம் ஒன்றுதான்: போதிய வசதி உள்ள 'எந்த நபரும்' தன் குழந்தையைப் பராமரிக்காமல் விட்டால், மாதாமாதம் பணம் கொடுக்கும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். அந்த நபருக்கு 18 ஆகியிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மதமும் பார்ப்பதில்லை.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையைச் சட்டம் இன்னமும் 'முறையற்ற' குழந்தை என்றுதான் குறிப்பிடுகிறது. அந்தக் குழந்தை என்ன முறை தவறியது என்று கேட்கத் தோன்றும். ஆனால் உரிமையில் குறை வைக்கவில்லை.

இந்துக்களுக்குக் கூடுதலாக 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பிரிவு 20, குழந்தை மைனராக இருக்கும் வரை தாய், தந்தை இருவர் மீதும் பொறுப்பை வைக்கிறது. இதைவிடப் பழைய ஒன்றும் உண்டு. மைனர் ஒருவர் வேறொரு மைனருக்குக் காப்பாளர் ஆக முடியாது என்று சொல்லும் 1890ஆம் ஆண்டுச் சட்டம், 'தன் சொந்த மனைவி அல்லது குழந்தையைத் தவிர' என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. குழந்தைத் திருமணம் சாதாரணமாக நடந்த காலத்தில், சட்டம் எழுதியவர்களுக்கு மைனர் அப்பா ஒரு புதிர் அல்ல.

பையன் சம்பாதிக்கவே இல்லையே?

சிக்கல் இங்கேதான். சட்டம் வயதைக் கேட்கவில்லை என்றாலும் வசதியைக் கேட்கிறது.

கை கால் நன்றாக இருக்கிற ஆண், வேலை இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடலுழைப்பு செய்தாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல்கூடச் சொன்னது. ஆனால் அது வளர்ந்த கணவரைப் பற்றிய வழக்கு. பள்ளியில் படிக்கும் 17 வயதுப் பையனை மாஜிஸ்திரேட் அதே தராசில் நிறுத்துவது கஷ்டம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயதுள்ளவர்கள் ஆபத்தான தொழில்கள் தவிர மற்ற வேலைகளைச் செய்யலாம். எனவே 'அவன் சம்பாதிக்கவே கூடாது' என்பதும் சரியான வாதம் அல்ல. நடைமுறையில் சின்னத் தொகை ஒன்று நிர்ணயிக்கப்படலாம், அல்லது இப்போதைக்கு வசதி இல்லை என்று முடிவாகலாம்.

'அப்போ கேஸ் போட்டு என்ன பிரயோஜனம்?' என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். முதலாவது, சூழ்நிலை மாறினால் தொகையையும் மாற்றலாம். புதிய சட்டத்தில் பிரிவு 146 அதற்குத்தான். இன்று மாதம் 1,500 ரூபாய் என்று உத்தரவான பையன் ஐந்து வருடம் கழித்து ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தால், அதைக் காட்டி உயர்த்தக் கேட்கலாம். 2001க்கு முன்பு மத்தியச் சட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. இப்போது வரம்பு எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஜீவனாம்சம் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குழந்தை பிறந்த தேதியிலிருந்து அல்ல. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பையனுக்கு 17, குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது விண்ணப்பித்தால் கணக்கு அன்றே தொடங்குகிறது. 'முதல்ல படிச்சு முடிக்கட்டும், வேலைக்குப் போகட்டும்' என்று காத்திருந்து அவனுக்கு 23 ஆகும்போது விண்ணப்பித்தால், நடுவில் போன ஆறு வருடத்தின் பால், தடுப்பூசி, காய்ச்சல், எல்.கே.ஜி. எல்லாமே பெண் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டுவிடும். பெரியவர்களின் பேச்சுவார்த்தையில் அதிகம் கேட்கிற வார்த்தை 'பொறுங்க' என்பதுதான். அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பது குழந்தை.

அப்போ பையனோட அப்பா அம்மா கொடுக்கணுமா?

இந்தக் கட்டுரை எழுதும்போது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இது.

இருவருக்கும் குழந்தைத் திருமணம் நடந்திருந்தால் பதில் 'ஆம், உத்தரவிடலாம்'. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் பிரிவு 4, திருமணத்தை ரத்து செய்யும்போது பெண்ணுக்குப் பராமரிப்புத் தொகை வழங்க வழி செய்கிறது. பையன் மைனராக இருந்தால், அவனுடைய பெற்றோரோ காப்பாளரோ கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிரிவு 5 குழந்தைக்கானது. அங்கேயும் தம்பதியின் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற சொற்கள் இருக்கின்றன. பிரிவு 6, அந்தத் திருமணம் ரத்தானாலும் குழந்தை எல்லா வகையிலும் சட்டப்பூர்வமான குழந்தைதான் என்கிறது. சொத்துரிமை உட்பட.

திருமணமே நடக்கவில்லை என்றால்? பிரிவு 144 பையனின் பெற்றோரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தன் குழந்தை, மனைவி, தாய் தந்தை ஆகியோரை மட்டுமே ஒருவர் பராமரிக்கக் கடமைப்பட்டவர். பேரக்குழந்தை அந்தப் பட்டியலில் இல்லை. பையன் மைனர் என்பதால் சிவில் வழக்கில் அவன் சார்பில் காப்பாளர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். பெரும்பாலும் அது அவன் அப்பாவாக இருக்கும். ஆனால் அவர் மகனுக்காக நிற்கிறாரே தவிர, தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்கும் கடமை அதனால் வந்துவிடுவதில்லை.

ஆக, சட்டவிரோதத் திருமணத்தை நடத்திவைத்த குடும்பத்திடம் கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. நடத்தாத குடும்பத்திடம் கேட்க எதுவும் இல்லை. இதற்கு மேல் ஒன்று: அதே பிரிவு 144இல், மைனர் பெண்ணின் கணவனுக்கு வசதி இல்லையென்றால், அவளுக்கு 18 ஆகும் வரை அவளுடைய அப்பாவே பராமரிக்க வேண்டும் என்று உத்தரவிடலாம் என ஒரு விதிவிலக்கு வாசகம் இருக்கிறது. பையனிடம் பணம் இல்லையா, பெண்ணைப் பெற்றவரிடம் வாங்கு என்பதுதான் இதன் பொருள்.

'அப்படின்னா கல்யாணத்தைப் பண்ணி வச்சிட்டா பாதுகாப்புதானே' என்று யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள். குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பதும் அதற்கு உடந்தையாக இருப்பதும் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கர்நாடகத்தில் மாநிலத் திருத்தத்தின்படி அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்த ஓட்டையை வேறு மாதிரி அடைத்திருக்கிறார்கள். அங்கே பெற்றோர் மைனராக இருந்தால், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், தாத்தா பாட்டி பேரக்குழந்தையின் செலவுக்குப் பொறுப்பு. நமக்கு அது சரிப்படுமா என்பது தனி விவாதம். ஆனால் அந்த விவாதம் இங்கே தொடங்கவே இல்லை.

அப்பா யார்னு எப்படி முடிவாகும்?

பணம் கேட்பதற்கு முன் தந்தை யார் என்று நிறுவ வேண்டும். செல்லுபடியாகும் திருமண வாழ்க்கை தொடரும்போது பிறந்த குழந்தை, கணவனின் குழந்தைதான் என்பது சாட்சியச் சட்டத்தின் அனுமானம் (பழைய பிரிவு 112, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 116). கரு எப்போது உண்டானது என்பதல்ல, குழந்தை எப்போது பிறந்தது என்பதுதான் கணக்கு. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லாத நிலையை நிரூபித்தால் மட்டுமே இதை உடைக்கலாம்.

இது ஏன் முக்கியம்? பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் அவசர அவசரமாக மாமா பையனுக்கோ தூரத்து உறவினருக்கோ கட்டிவைப்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்த 'தீர்வு'. அதன் பிறகு பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படி அப்பா, கட்டிய கணவன்தான். உண்மையான அப்பாவிடம் பிறகு ஜீவனாம்சம் கேட்கும் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தாயின் திருமண காலத்தில் பிறந்த மகன், இன்னொருவர்தான் தன் உயிரியல் தந்தை என்று சொல்லி ஜீவனாம்சம் கேட்டிருந்தார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பெண்ணுக்குத் திருமணமே ஆகவில்லை என்றால் இந்த அனுமானம் வராது. சாதாரணமாக நிரூபிக்க வேண்டும். டி.என்.ஏ. பரிசோதனையைக் கேட்டவுடன் நீதிமன்றம் உத்தரவிட்டுவிடாது, வலுவான முகாந்திரம் காட்ட வேண்டும் என்பது 1993 முதல் நிலைத்திருக்கும் விதி. உத்தரவிட்ட பிறகும் ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். முன்னாள் முதல்வர் என்.டி.திவாரி பல வருடம் மறுத்தும், 2012இல் நீதிமன்றத்தில் திறக்கப்பட்ட டி.என்.ஏ. முடிவு அவரைத் தந்தை என்று காட்டியது நினைவிருக்கலாம்.

பிறப்புச் சான்றிதழுக்காக மட்டும் பையன் வீட்டில் கெஞ்ச வேண்டாம். திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே பிறப்புச் சான்றிதழ் பெறலாம், காப்பாளர் உரிமையும் கோரலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

போலீஸ் கேஸ் வந்தா ஜீவனாம்சம் போயிடுமா?

போகாது. ஆனால் போனது மாதிரி ஆகிவிடும்.

2012 போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. கர்ப்பம் உண்டானால் அது 'கடுமையான' குற்றமாக மாறிவிடுகிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. பையனுக்கு 19 என்றால் இதன் முழு எடையும் அவன் மேல் இறங்கும். 18க்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான், சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. 16 முதல் 18 வரை உள்ளவனை முதற்கட்ட மதிப்பீடு செய்து, வயது வந்தவனைப் போல விசாரிக்கவும் வழி இருக்கிறது. தாலி கட்டிவிட்டான் என்பது தற்காப்பு அல்ல. 18 வயதாகாத மனைவியுடனான உறவும் பாலியல் வன்கொடுமையே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனைக்குப் போனாலே விஷயம் வெளியே வரும், தெரிந்தும் புகார் செய்யாதது தனிக் குற்றம். கருக்கலைப்புக்கு வரும் மைனரின் அடையாளத்தை மட்டும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது.

இப்படிப்பட்ட வழக்குகள் எத்தனை? அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016-2020இல் வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு என்ற அமைப்பு ஆராய்ந்தது. அதில் 24.3 சதவீதம் காதல் உறவு சார்ந்தவை. பதின்வயதுக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16-18 வயது வழக்குகளில் தண்டனையை முடிவு செய்ய நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை தரலாம் என்று சட்ட ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது. வாசகம் இன்னும் மாறவில்லை.

இந்தப் பெரிய வழக்கின் நிழலில் குழந்தையின் மாதச் செலவு காணாமல் போகிறது. பையன் வீடு ஜாமீனுக்கு ஓடும். பெண் வீடு சாட்சிக்கு ஓடும். பிரிவு 144 விண்ணப்பத்தை யாரும் நினைப்பதில்லை. இரண்டும் தனித்தனி வழக்குகள். ஒன்று முடிய இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. போக்சோ விசாரணையில் எடுக்கப்படும் டி.என்.ஏ. அறிக்கையை ஜீவனாம்ச வழக்கிலும் ஆதாரமாக முன்வைக்கலாம்.

அரசிடமிருந்து வர வேண்டிய பணமும் உண்டு. போக்சோ நீதிமன்றம் வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு உத்தரவிடலாம். 2020 விதிகளின்படி கர்ப்பமானதும் கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு காரணம், உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். இது பையன் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு மாற்று அல்ல.

பெண்ணுக்கு 19, பையனுக்கு 16 என்றால்? போக்சோ கண்ணில் அப்போது பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை பையன்தான். ஆனால் ஜீவனாம்சப் பிரிவில் அதற்கென விலக்கு எதுவும் இல்லை. தன்னைவிட மூத்த பெண்ணால் 13 வயதில் தந்தையான ஒரு பையனும் குழந்தைக்குப் பணம் தர வேண்டியவன்தான் என்று அமெரிக்காவின் கான்சஸ் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. படிக்கும்போது நெருடுகிறது. அங்கே நீதிபதிகள் பார்த்தது ஒன்றை மட்டும்: பிறந்த குழந்தை எந்தத் தவறும் செய்யவில்லை.

எழுதி வாங்கிட்டா முடிஞ்சுதா?

பஞ்சாயத்தின் கடைசிக் காட்சி பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள். மொத்தமாக ஒரு தொகை கைமாறும். 'இனி எக்காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டோம்' என்று ஒரு வரி, இரண்டு பக்கமும் கையெழுத்து.

அந்த வரி குழந்தையைக் கட்டுப்படுத்தாது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை; அதைத் தாயோ தாத்தாவோ விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வாங்கிய தொகையை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். போக்சோ வழக்கையும் வெறும் சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, அந்தத் தாளை எழுதும் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம்தான் மிச்சம்.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறந்த இந்துக் குழந்தைக்குத் தந்தையிடம் ஜீவனாம்சம் உண்டு. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது தாய்வழி உறவாக மட்டுமே கருதப்படுகிறது, தந்தையின் சொத்தில் வாரிசு ஆகாது. உயில் எழுதினால்தான் உண்டு.

குழந்தையை வளர்க்க முடியாது என்று முடிவெடுத்தால், குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசம் தரப்படும். தத்து முழுமையானதும் பெற்றவர்களின் எல்லாப் பொறுப்பும், இந்தப் பதினேழு வயது அப்பாவின் பொறுப்பும் சேர்த்து, முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலேயே 'தெரிஞ்சவங்க' கையில் கொடுத்துவிடுவது தத்து அல்ல, குற்றம்.

சரி, எங்கே போகணும்?

குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாவிட்டால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். பையன் இருக்கும் ஊரிலும், அவன் குழந்தையின் தாயோடு கடைசியாகச் சேர்ந்து வசித்த ஊரிலும் மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100, குழந்தைகள் உதவி எண் 1098. பெண்ணுக்கும் 18 ஆகவில்லை என்றால், அவளுடைய பெற்றோரோ வேறு பெரியவரோ சேர்ந்து மனு செய்ய வேண்டியிருக்கும்.

மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடுமானவரை அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மாதச் செலவுகளை இப்போதே எழுதி வையுங்கள். பால் பவுடர் பில், மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லை என்றால் வாரன்ட் கேட்கலாம். வராத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்ப முடியும். சிறைக்குப் போனதால் பாக்கி கழிந்துவிடாது. ஆனால் இந்த வாரன்ட் வழிக்குக் கெடு இருக்கிறது. ஒவ்வொரு தவணையும் வர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 13 மாத பாக்கியோடு போனால் முதல் மாதத்துக்கு வாரன்ட் கிடைக்காது. எனவே உத்தரவு கைக்கு வந்த அன்றே போன் காலண்டரில் மாதாமாதம் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.